தண்ணீர் கேன் ஆர்டர் ஃபார்மை கிளவுட் டேட்டாபேஸோடு இணைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்தில் உங்கள் மாமா 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறார். ஆர்டர் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது, நோட்டில் ஏறுகிறது. நீங்கள் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் வைத்து ஒரு ஆர்டர் ஃபார்ம் செய்துவிட்டீர்கள். பெயர், போன், முகவரி, எத்தனை கேன் என்று கேட்கிறது. ஆனால் 'அனுப்பு' பட்டனை அழுத்தினால் எங்கேயும் போவதில்லை. அதை ஒரு கிளவுட் டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் தன் பழைய ஆர்டரையும், தன்னிடம் எத்தனை காலி கேன் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலிலேயே போட்டால் முடிந்தது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். போடலாமா, எந்த டேட்டாபேஸ் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாஸ்வேர்டைப் போடவே போடாதீர்கள். உங்கள் வெப் பக்கம் ஓடுவது ஆர்டர் போடுபவரின் போனில். ஃபைல் மொத்தமும் அவர் கைக்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டரில் எஃப்12 தட்டினால் அதில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். சுருக்கி, பெயர்களை மாற்றி ஒளித்து வைத்தாலும் தேடி எடுக்க ரொம்ப நேரம் ஆகாது. அப்படியே போட்டாலும் அது வேலை செய்யாது என்பது வேறு கதை. பிரௌசருக்கு எச்டிடிபி பேசத் தெரியும், வெப்சாக்கெட் தெரியும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் பேசும் முறை அதற்குத் தெரியாது. நடுவில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அந்த நடு ஆள் நீங்களே நோட்.ஜேஎஸ், ஃபிளாஸ்க் மாதிரிக் கருவியில் எழுதும் சின்ன செர்வராக இருக்கலாம். கிளவுட் ஃபங்ஷனாக, அதாவது தனி செர்வர் வைக்காமல் கிளவுடில் ஓடவிடும் சின்ன நிரலாக இருக்கலாம். அல்லது ஃபயர்பேஸ், சூப்பாபேஸ் மாதிரி, டேட்டாபேஸோடு, உங்கள் பக்கம் அதனிடம் பேசும் வாசலான ஏபிஐயையும் சேர்த்தே தரும் சேவையாக இருக்கலாம். மூன்றிலும் கணக்கு ஒன்றுதான்: பக்கத்திலிருந்து வருவது எதையும் நம்பக்கூடாது, யார் எதை எழுதலாம், எதைப் படிக்கலாம் என்பதை டேட்டாபேஸ் தரப்பில் தீர்மானிக்க வேண்டும். இணைப்பது ஒரு சாயங்கால வேலை. மீதி நேரமெல்லாம் இந்தத் தீர்மானத்துக்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: டேட்டாபேஸ் உண்மையிலேயே தேவையா? ஆர்டர் வந்து சேர்ந்தால் போதும் என்றால் ஒரு கூகுள் ஃபார்ம், பின்னால் ஒரு ஷீட், அவ்வளவுதான். மாமாவுக்கு ஷீட் திறக்கத் தெரியும், டாஷ்போர்டு சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்கிறீர்கள். ஷீட்டில் ஒருவருக்கு ஒரு வரிசையை மட்டும் காட்டி மற்றதை மறைக்க வழி கிடையாது. ஆகவே சரி, டேட்டாபேஸ்தான்.

எது? நான் சூப்பாபேஸ் எடுப்பேன். அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ். உங்களுடையது கணக்கு வழக்கு: வாடிக்கையாளர், முகவரி, ஆர்டர், கேன் வரவு செலவு, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் தரவு. அதற்கு டேபிள்தான் வாகு. ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரும் நல்ல பொருள்தான், ஆனால் அங்கே படிக்கும் ஒவ்வொரு டாக்குமென்ட்டும், அதாவது ஒவ்வொரு ஆர்டரும் எண்ணப்படும். இலவசக் கணக்கில் நாளைக்கு 50,000 படிப்பு. மாமாவின் திரை 5,000 ஆர்டரையும் மொத்தமாக இழுக்கிற மாதிரி எழுதிவிட்டால், பத்து தடவை ரெஃப்ரெஷ் செய்தால் அன்றைய கோட்டா காலி. மாங்கோடிபி அட்லஸ் என்ற இன்னொரு கிளவுட் டேட்டாபேஸில் பிரௌசரிலிருந்து எச்டிடிபி வழியாகக் கேட்க இருந்த டேட்டா ஏபிஐயை 2025 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள், எனவே அங்கே செர்வரை நீங்களே எழுத வேண்டும்.

சூப்பாபேஸ் இலவசக் கணக்கில் டேட்டாபேஸுக்கு 500 எம்பி. ஒரு ஆர்டர் அரை கேபி என்று தாராளமாக வைத்து, நாளைக்கு 200 ஆர்டர் என்றாலும் வருஷத்துக்கு 36 எம்பி சொச்சம்தான். இடம் பற்றிக் கவலை வேண்டாம். ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது ரீஜன் (செர்வர் எந்த இடத்தில் இருக்க வேண்டும்) கேட்கும், மும்பையைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் அமெரிக்க ரீஜனை விட்டுவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் போக வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், பிறகு மாற்றுவதென்றால் புது ப்ராஜெக்ட் தொடங்கித் தரவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

டேபிள்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டத் தோன்றும். முகவரியைத் தனியே வையுங்கள். ஒரே போன் நம்பரிலிருந்து மகன் தன் ஃபிளாட்டுக்கும், பள்ளிக்கரணையில் இருக்கும் அம்மா வீட்டுக்கும் கேன் போடச் சொல்வார். முகவரியைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கஷ்டப்படுத்தாதீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் இருக்கிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன, எதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மக்கள் திணறுவார்கள். ஒரு பெரிய பெட்டி கொடுங்கள். கூடவே தளம், லிஃப்ட் உண்டா, பக்கத்தில் என்ன அடையாளம், இந்த மூன்றை மட்டும் தனியாகக் கேளுங்கள். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் கேன் தூக்கும் பையனுக்கு அதுதான் முக்கியமான தகவல்.

காலி கேன் கணக்கை 'பாக்கி: 3' என்று ஒரே எண்ணாக வைத்து ஏற்றி இறக்க வேண்டாம். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் எழுதியது அழிந்துவிடும், எப்போது தப்பானது என்றும் தெரியாது. மாமாவின் நோட்டில் இருக்கிற மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்: இன்ன தேதி, இரண்டு கொடுத்தது, ஒன்று திரும்பியது. ஒவ்வொன்றும் ஒரு வரிசை. பாக்கியைத் தேவைப்படும்போது கூட்டி எடுத்துக்கொள்ளலாம். 'நான் போன வாரமே கேனைத் திருப்பிக் கொடுத்துட்டேனே' என்று சண்டை வரும்போது இந்த வரிசைகள்தான் பேசும்.

இப்போது சாவி விஷயம். சூப்பாபேஸ் இரண்டு சாவி தரும். ஒன்று அனான் கீ, புதிய டாஷ்போர்டில் பப்ளிஷபிள் கீ என்று இருக்கும். அது வெப் பக்கத்தில் இருக்கலாம், வெளியே தெரிந்தால் பரவாயில்லை. மற்றது சர்வீஸ் ரோல் கீ, புதிய பெயர் சீக்ரெட் கீ. அது எல்லாப் பூட்டையும் தாண்டிப் போகும். அதை வெப் பக்கத்திலோ, கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பிலோ வைத்தால் நண்பர் சொன்ன பாஸ்வேர்டு யோசனைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தெரியாமல் கிட்ஹப்பில் ஏறிவிட்டால் ஃபைலை அழித்தால் போதாது, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அப்படியே இருக்கும். சாவியையே மாற்ற வேண்டும்.

பப்ளிஷபிள் கீ வெளியே தெரியலாம் என்பதெல்லாம் ரோ லெவல் செக்யூரிட்டி (சுருக்கமாக ஆர்எல்எஸ்; எந்த வரிசையை யார் தொடலாம் என்று டேட்டாபேஸே பார்க்கும் பூட்டு) ஆன் ஆகியிருந்தால்தான். டாஷ்போர்டின் டேபிள் எடிட்டரில் டேபிள் உருவாக்கினால் அது ஆன் ஆகியே வரும். எஸ்க்யூஎல் எழுதி உருவாக்கினால் நீங்களே ஆன் செய்துவிட்டதாக உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆன் செய்து பாலிசி, அதாவது யாருக்கு என்ன அனுமதி என்ற விதி எதுவும் எழுதாமல் விட்டால், அந்தச் சாவியோடு வருபவருக்கு டேபிள் காலியாகத் தெரியும். எரர் வராது; வெறும் சதுர அடைப்பு மட்டும் பதிலாக வரும். புதிதாக வருபவர்கள் குழம்புகிற இடம் இது. டாஷ்போர்டில் 40 வரிசை இருக்கிறது, ஆப்பில் ஒன்றும் இல்லை. இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்து, யாரோ எங்கோ சொன்னபடி ஆர்எல்எஸ்ஸை ஆஃப் செய்துவிடுவார்கள். உடனே எல்லாம் வேலை செய்யும். ஊருக்கே வேலை செய்யும்: யார் வீட்டில் எத்தனை கேன், எந்த மாடி, என்ன நம்பர் என்று யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். ஃபயர்பேஸில் இதற்குச் சமமானது டெஸ்ட் மோட். 30 நாள் எல்லாரும் படிக்கலாம், எழுதலாம் என்று விட்டுவிட்டுப் பிறகு தானே மூடிக்கொள்ளும். நிறையப் பேர் மூடியதும் செய்கிற முதல் வேலை, அந்தத் தேதியை 2030க்குத் தள்ளிவைப்பது.

இன்னொரு பொடி விஷயம் மணிக்கணக்கில் தின்னும். 'யாரும் ஆர்டர் சேர்க்கலாம், யாரும் படிக்கக்கூடாது' என்று சரியாகத்தான் பாலிசி எழுதியிருப்பீர்கள். ஆனாலும் ஆர்டர் சேர்க்கும்போது பாலிசியை மீறுகிறது என்று எரர் வரும். காரணம், இன்ஸர்ட்டுக்குப் பின்னால் ஒரு செலக்டும் ஒட்டியிருப்பீர்கள், சேர்த்த வரிசையைத் திருப்பிக் கேட்கும் அழைப்பு அது. படிக்க அனுமதி இல்லாததால் மொத்தமும் தள்ளப்படுகிறது. செலக்டை எடுத்துவிட்டால் ஓடும். அப்புறம், பாலிசி சரியா என்று டாஷ்போர்டின் எஸ்க்யூஎல் எடிட்டரில் சோதிக்காதீர்கள். அங்கே நீங்கள் முதலாளியாக நுழைகிறீர்கள், பாலிசிகள் உங்களைத் தடுக்காது.

இதோடு ஆர்டர் வந்துவிடும், ஆனால் விலையில் ஓட்டை இருக்கிறது. கேன் 40 ரூபாய், மூன்று கேன் 120 என்று உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கணக்குப் போட்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்12 தெரிந்த ஒரு காலேஜ் பையன் அந்த 120ஐ 3 ரூபாய் என்று மாற்றி அனுப்பலாம். ரோ லெவல் செக்யூரிட்டி வரிசையைப் பார்க்கும், உங்கள் விலைப்பட்டியலைத் தெரிந்து வைத்திருக்காது. ஆகவே டேபிளில் நேரே எழுதும் அனுமதியையே எடுத்துவிட்டு, டேட்டாபேஸுக்குள் 'ஆர்டர் போடு' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பக்கம் அந்த ஃபங்ஷனை மட்டும் கூப்பிடும். அது போன், முகவரி, எண்ணிக்கை மட்டும் வாங்கிக்கொள்ளும், விலையைத் தானே பட்டியலிலிருந்து எடுக்கும். அந்த விலையை ஆர்டர் வரிசையிலேயே எழுதி வைக்கவும் வேண்டும். நாளைக்கு மாமா 45 ஆக்கினால் போன மாத பில் மாறக்கூடாது அல்லவா? எண்ணிக்கைக்கும் எல்லை வையுங்கள். 1 முதல் 20 வரை என்று ஃபார்மில் போட்டால் போதாது, டேபிளிலேயே, மீறினால் ஏற்காத செக் கன்ஸ்ட்ரெயின்ட்டாக இருக்க வேண்டும். மைனஸ் இரண்டு கேன் ஆர்டர் வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அடுத்தது இரட்டை ஆர்டர். ஒருவர் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு 'அனுப்பு' தட்டுகிறார். ஆர்டர் செர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, 'வந்தது' என்ற பதில் மட்டும் திரும்பி வரவில்லை. அவர் திரையில் சக்கரம் சுற்றுகிறது, பிறகு ஃபெயில் என்கிறது. மறுபடி தட்டுகிறார். காலையில் இரண்டு கேனுக்குப் பதில் நான்கு வந்து நிற்கிறது. பட்டனை ஒரு தட்டுக்குப் பிறகு முடக்குவது நல்லதுதான், ஆனால் இந்த மாதிரிச் சமயத்தில் உதவாது, ஏனென்றால் ஃபெயில் ஆனதும் நீங்களே அதைத் திறந்துவிடுகிறீர்கள். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி (வேறெதோடும் ஒத்துப்போகாத நீண்ட அடையாளக் குறி) உருவாக்கி ஆர்டரோடு அனுப்புங்கள். டேபிளில் அந்தப் புலத்துக்கு யுனீக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) போடுங்கள். அதே யூயூஐடி இரண்டாம் முறை வந்தால் ஃபங்ஷன் புதிதாக எதையும் சேர்க்காமல் 'ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சொல்லட்டும். இதற்கு மொத்தம் ஐந்தாறு வரிதான்.

பெயருக்கு ஒரே பெட்டி போதும். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று வைத்தால் நம் ஊரில் இனிஷியலை எதில் போடுவது என்று யோசித்துவிட்டு இரண்டாவதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். போனை எண்ணாக வைக்காதீர்கள், எழுத்தாக வையுங்கள். 0 போட்டு ஒருவர், +91 போட்டு ஒருவர், நடுவில் இடைவெளி விட்டு ஒருவர் எழுதுவார். இலக்கங்களை மட்டும் எடுத்து, கடைசி பத்தை வைத்து, முதல் இலக்கம் 6 முதல் 9க்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஒரே வடிவில் சேமியுங்கள். பின்கோடு ஆறு இலக்கம். சென்னைதானே என்று '600இல் தொடங்க வேண்டும்' என்று விதி எழுதிவிடாதீர்கள்: மேடவாக்கம் 600100, ஆனால் மாமா நாளைக்கே கேளம்பாக்கம் வரை வண்டி விட்டால் அது 603103.

தமிழில் முகவரி எழுதுபவர்களுக்காக ஒன்று. 'கோவிலம்பாக்கம்' என்பதில் இருக்கும் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு முழு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு வேறு வேறு. யார் எந்தக் கீபோர்டில் அடித்தார் என்பதைப் பொறுத்து எதுவும் வரலாம். ஏரியா வாரியாகத் தேடினால் பாதி ஆர்டர் கிடைக்காது, பார்த்தால் எழுத்துப் பிழையும் தெரியாது. சேமிக்கும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு (குறிகள் ஒன்றாகச் சேர்ந்த வடிவம்) மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் போஸ்ட்கிரெஸிலும் அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. ஏரியாவை எழுதவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்னும் நிம்மதி.

நேரத்தை டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன் வகையில் வையுங்கள். செர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 5 மணிக்கு வந்த ஆர்டர் யூடிசியில் முந்தைய நாள் இரவு 11:30. 'இன்றைய ஆர்டர்' என்று எடுக்கும்போது ஆசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றிவிட்டுத் தேதியைப் பாருங்கள். இல்லாவிட்டால் விடிகாலையில் ஆர்டர் போட்டவர்களெல்லாம் லோடு பட்டியலில் காணாமல் போவார்கள்.

லாகின். எல்லாருக்கும் ஓடிபி என்றுதான் தோன்றும். எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு, இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு கேன் ஏஜென்சிக்கு ஆரம்பத்திலேயே இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு டோக்கன் உருவாக்கி, அதை வைத்த லிங்க்கை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். லிங்க்கில் வாடிக்கையாளர் எண் 41 என்று மட்டும் போடாதீர்கள். 42 என்று மாற்றிப் பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டோக்கனை வாங்கி அந்த ஒருவரின் கணக்கை மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷன் இன்னொன்று எழுத வேண்டும். லிங்க்கை அவர் அப்பார்ட்மென்ட் குரூப்பில் ஃபார்வர்டு செய்துவிடக்கூடும் என்பதையும் நினைத்து, அந்தப் பக்கத்தில் தேதி, கேன், பாக்கி மட்டும் காட்டுங்கள்; முழு முகவரியும் நம்பரும் வேண்டாம். மாமாவும் டெலிவரி பையன்களும் பார்க்கும் திரைக்கு மட்டும் முறையான லாகின் வையுங்கள், நான்கைந்து பேர்தானே.

சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. என்ன தகவல், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் அதைப் படிக்கும் வசதியும் தர வேண்டும், தமிழ் அதில் ஒன்று. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. மாமாவைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிறந்த தேதி, ஆதார், மின்னஞ்சல் என்று தேவையில்லாததைக் கேட்காமல் இருந்தாலே பாதிச் சுமை குறையும். ஃபார்முக்குக் கீழே இரண்டு வரித் தமிழில் 'கேன் கொண்டுவந்து சேர்க்கவும் கணக்கு வைக்கவும் மட்டும் உங்கள் நம்பரும் முகவரியும்' என்று எழுதி ஒரு டிக் பெட்டி வையுங்கள். எப்போது டிக் செய்தார் என்பதையும் சேமியுங்கள்.

சூப்பாபேஸ் இலவசக் கணக்கில் தானாக பேக்கப் கிடையாது. பிஜி டம்ப் என்ற கருவி வைத்து வாரம் ஒருமுறை நீங்களே எடுத்து மாமா கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள். ஒரு வாரம் யாருமே தொடாவிட்டால் ப்ராஜெக்ட்டை நிறுத்தியும் வைத்துவிடுவார்கள். தினம் ஆர்டர் வரும் இடத்தில் அது நடக்காது, ஆனால் கட்டும் காலத்தில் நடக்கும், பதறாதீர்கள், டாஷ்போர்டில் திரும்ப எழுப்பிக்கொள்ளலாம். அதோடு தினமும் காலை லோடு பட்டியலைப் பேப்பரில் அச்சடித்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த மாதிரி நாளில்தான் குடிதண்ணீர் கேட்டு ஆட்கள் வருவார்கள். மாமா போனில் வாங்கிய ஆர்டரைப் பிறகு கையால் ஏற்ற ஒரு சின்ன ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும், அதில் ஆர்டர் நேரத்தைப் பின்தேதியிட்டுப் போட வசதி இருக்கட்டும்.

லிங்க்கை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள். லாகின் இல்லாத புது பிரௌசர் ஜன்னலைத் திறந்து, உங்கள் பக்கத்தில் இருக்கும் அதே பப்ளிஷபிள் கீயை வைத்து ஆர்டர், முகவரி, வாடிக்கையாளர் டேபிள்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு வரிசை திரும்பி வந்தாலும் அன்றைக்கு வெளியிட வேண்டாம். எந்த பாலிசி அதை விட்டது என்று பிடிபடவில்லை என்றால், பாலிசிகளை மட்டும், சாவியை அல்ல, இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.